வாட்டம்

டைல்ஸ் போடுகிறவர் முதல் தடவை விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை எட்டே முக்காலுக்கு. விழுந்த இடத்தில் தரை பிசைந்த மாவு மாதிரி இளகி அவரை வாங்கிக்கொண்டது. அவர் எழுந்து உட்கார்ந்ததும் பழையபடி கெட்டியானது. குளியலறை வாசலில் நடந்த சங்கதி இது. நியாயப்படி மண்டை பிளந்திருக்க வேண்டும். பிளக்கவில்லை, காது வரைக்கும் தரைக்குள் போய், அவசரமில்லாமல் மேலே வந்தது. அவர் செய்த முதல் காரியம், தவழ்ந்து போய்த் தன் வேலைப் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து வந்து அந்த இடத்தில் வைத்துப் பார்த்ததுதான். குமிழ் நட்ட நடுவில் நின்றது. ஒரு டைல் பெயரவில்லை, ஒரு கீறல் இல்லை. அதற்கப்புறம்தான் அவருக்குக் கோபம் வந்தது. முப்பத்திரண்டு வருஷம் கல்லு மாதிரி தரை போட்டவர் என்று பேர் வாங்கியவருக்கு, சொந்த வீட்டில் இப்படி ஒரு அவமானம்.

ஊரில் அவருக்குப் பெயரே ரசமட்டம்தான். யார் வீட்டுக்குப் போனாலும் தண்ணீர் குடிக்கும் முன் தரையைப் பார்ப்பார். கோணலாக இருந்தால் டம்ளரை அப்படியே வைத்துவிடுவார். அத்தனை வருஷமும் முழங்காலில் நின்றே பிழைத்தவர், ஆனால் ஒரு நாளும் அது கும்பிடுவதற்காக இல்லை. பிரார்த்தனைக் கூடத்துக்குத் தரை போட்டபோதுகூடப் பதினோரு நாள் கடவுளுக்கு நேரெதிரே மண்டியிட்டிருந்தார். வாயிலிருந்து வந்ததெல்லாம் சிமெண்ட் கலக்கத் தெரியாதவர்களைப் பற்றிய வசவு. அவருடைய கால்கள் இரண்டு வருஷமாகவே சொன்னபடி கேட்பதில்லை. முதலில் கணுக்கால் துவண்டது, அப்புறம் முழங்கால். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "தசை தேஞ்சுகிட்டே வருது. மெதுவாத்தான் போகும், ஆனா திரும்பி வராது" என்றார். ரசமட்டம் சுவரைப் பிடித்து எழுந்தார். போகும்போது, ஆஸ்பத்திரி வராந்தாவில் மூன்றாவது வரிசை டைல் தூக்கி நிற்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மனைவிக்கு ஒரு விடுதியின் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்பு மடிக்கிற வேலை. கை இரண்டும் இரும்பு. புருஷனை ஒரு மூட்டை மாதிரி தூக்கிக்கொண்டு போகக்கூடியவள், ஆனால் அவர் தொட விடமாட்டார். சுவரைப் பிடிப்பார், கதவைப் பிடிப்பார், ஜன்னல் கம்பியைப் பிடிப்பார்; அவள் கையை மட்டும் பிடிக்கமாட்டார். தரை இளகிய விஷயத்தை அவர் ஒரு வாரம் மறைத்தார். நாலாவது தடவை அவள் கண்ணெதிரிலேயே விழுந்து, தோள் வரைக்கும் அமிழ்ந்து மேலே வந்ததும் மறைக்க வழியில்லாமல் போயிற்று. அவள் பதறவில்லை. குக்கரை இறக்கி வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கடவுள் வேலைதான்" என்றாள்.

"அவரை யாரு கூப்பிட்டா?"

"நான்தான். உங்களப் பாத்துக்கச் சொன்னேன். எப்படின்னு சொல்லல."

"காலைச் சரி பண்ணத் துப்பில்ல. தரையக் கெடுக்க வந்துட்டாராக்கும்."

அன்றிலிருந்து அவர் மேலே பார்த்துப் பேச ஆரம்பித்தார். அதைப் பிரார்த்தனை என்று யாரும் தப்பாக நினைத்துவிடக் கூடாது. வேலையைக் கெடுத்த ஆளைக் கூப்பிட்டு நிறுத்திக் கேட்கிற மாதிரி கேட்பார். மலையை மட்டம் பார்த்தா வைத்தாய், கடலோரத்தை இப்படிப் பல்லிளிக்க விட்டிருக்கிறாயே, மனுஷன் கால் இரண்டையும் ஒரே அளவில் வெட்டத் தெரியாத உனக்கு என் ஹாலில் என்ன வேலை. பதிலாக எதுவும் வராது. அடுத்த தடவை விழும்போது தரை இன்னும் கொஞ்சம் பதமாக இளகியிருக்கும். அவருக்கு அதுவும் எரிச்சல்தான்.

மைத்துனர் மூலமாகச் செய்தி பிரார்த்தனைக் கூடத்துக்குப் போயிற்று. ஏழு பேர் கொண்ட குழு நோட்டுப் புத்தகத்தோடு வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தது. கொஞ்சம் விழுந்து காட்ட முடியுமா என்று மரியாதையாகவே கேட்டார்கள். "நான் என்ன சர்க்கஸா?" என்றார் ரசமட்டம். அரைமணி நேரம் காத்திருந்து பொறுமை இழந்த மைத்துனர், தண்ணீர் எடுக்கப் போகிற சாக்கில் அவரை லேசாக இடித்தார். இருவருமே சாய்ந்தார்கள். ரசமட்டத்தைத் தரை ஏந்திக்கொண்டது. அரை அடி தள்ளி விழுந்த மைத்துனருக்கு முன்பல் இரண்டு போயிற்று. குழு இரண்டையும் எழுதிக்கொண்டது. பிறகு, விழுந்த இடத்து டைலைப் பெயர்த்துக் கூடத்தில் வைக்கலாம் என்று யாரோ சொல்ல, ரசமட்டம் ரப்பர் சுத்தியலைக் கையில் எடுத்தார். குழு கலைந்தது. ஆனால் விஷயம் டைலில் இல்லை என்பது அடுத்த மாதமே தெரிந்துவிட்டது. மருந்துக் கடைப் படியில் விழுந்தார், படி இளகியது. தார் ரோட்டில் விழுந்தார், ரோடு இளகியது. பின்னால் வந்த பஸ் நின்றது, டிரைவர் வாயில் வந்ததைச் சொன்னார், ரசமட்டமும் திருப்பிச் சொன்னார். ஆனாலும் வீட்டுக்கு வரும்போது அவர் முகத்தில் ஒரு தெளிவு. தப்பு தன் வேலையில் இல்லை.

விழ ஆரம்பித்த மூன்றாம் வருஷம், ஒரு வெயில் காலம். மனைவி வேலைக்குப் போயிருந்தாள். போகும்போது, பதினோரு மணிக்குப் பக்கத்து வீட்டு அக்கா வந்து பாத்ரூமுக்குக் கூட்டிப் போவார் என்று சொல்லியிருந்தாள். அந்த அக்கா வருகிற சத்தம் கேட்டதும் அவர் கதவை உள்ளே தாழ் போட்டுவிட்டு, வேண்டாம், போயிட்டு வந்துட்டேன் என்றார். போகவில்லை. அக்கா இறங்கிப் போனபின் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு கிளம்பி ஹாலின் நடுவில் விழுந்தார். தரை வழக்கம் போல வாங்கிக்கொண்டது. ஆனால் இந்தத் தடவை எழுந்து உட்காரக் கை வரவில்லை. இரண்டு கையும் அவருடையவை இல்லை என்பது போலப் பக்கவாட்டில் கிடந்தன. கூப்பிடலாம், தெரு முழுக்கக் கேட்கும். கூப்பிடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பன்னிரண்டு மணி வரைக்கும் தாங்கினார், ஒரு மணி வரைக்கும் தாங்கினார். அப்புறம் முடியவில்லை. ஐம்பத்தெட்டு வயது மனுஷன், ஊரில் பாதி வீட்டுக்குத் தரை போட்டவன், தான் போட்ட தரையில் துணியோடு சிறுநீர் கழித்துவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டான். அந்த நிமிஷம் அவர் மேலே பார்த்து எதுவும் கேட்கவில்லை. திட்டவும் தெம்பில்லை.

அப்போது முதுகுக்கு அடியில் ஏதோ நகர்ந்தது. கண்ணைத் திறந்தார். ஹால் சாய்ந்துகொண்டிருந்தது. நாற்காலி அசையவில்லை, மேஜை மேல் டம்ளர் அசையவில்லை. தரை மட்டும், தூங்குகிற குழந்தையைக் கை மாற்றுகிற பதனத்தில், குளியலறைப் பக்கமாகத் தாழ்ந்தது. ஈரமெல்லாம் அவரை விட்டு விலகி, கோடாக ஓடி, வாசலைத் தாண்டி, குளியலறை மூலையில் இருந்த ஓட்டையில் இறங்கியது. அவர் படுத்திருந்த இடம் மட்டும் உலர்ந்து, வெதுவெதுப்பாக இருந்தது. தலையைத் திருப்பி, ஒரு கண்ணை மூடி, தொழில்காரப் பார்வையில் சரிவை அளந்தார். அஞ்சு அடிக்கு ஒரு இஞ்ச். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"வாட்டம் சரியா இருக்கு" என்றார்.

முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் இன்னொருத்தர் வேலையைப் பார்த்து அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன கையோடு அழுகை வந்தது. கன்னத்துக்கு அடியில் தரை ஒரு விரல்கடை உயர்ந்து தலையணை மாதிரி நின்றது. "போதும், போதும்" என்றார். அது இறங்கப் பார்த்தது. கொஞ்ச நேரம் கழித்து, "சரி, இருக்கட்டும்" என்றார். இருந்தது.

நாலு மணிக்கு மனைவி வந்து, கதவிடுக்கில் கரண்டிக் காம்பை விட்டுத் தாழை நெம்பித் திறந்தாள். ஹால் அவர் பக்கமிருந்து சரிந்து கிடந்ததைப் பார்த்தாள், துணியைப் பார்த்தாள்.

"கொஞ்சம் தூக்கிவிடேன்" என்றார் அவர்.

அவள் பையை இறக்கி வைத்தாள். "இதச் சொல்ல மூணு வருஷமா?" என்று கேட்டு, கக்கத்தில் கை கொடுத்து, ஒரே தூக்கில் தூக்கினாள். விரிப்பைவிட லேசாகத்தான் இருந்தார். அவர் கால் தரையை விட்டதும் ஹால் மட்டத்துக்கு வந்துவிட்டது.

அதன் பிறகும் அவர் கும்பிட ஆரம்பிக்கவில்லை. மேலே பார்த்துப் பேசுவது நிற்கவில்லை, வசவும் குறையவில்லை. ஆனால் இப்போது ஒரு மேஸ்திரி இன்னொரு மேஸ்திரியிடம் பேசுகிற உரிமை அதில் இருந்தது. பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கதவு திறந்து விட்டார். மைத்துனருக்குப் பல் கட்டியதும் கூப்பிட்டு அனுப்பிச் சிரிக்கச் சொல்லிப் பார்த்தார், வரிசை மட்டமாக இருக்கிறது என்றார். ஐந்தாம் வருஷம் நாற்காலியில் உட்காருவதும் போயிற்று. கட்டிலில் படுத்தால் முதுகு புண்ணானது. தரையில் படுத்தால் ஆகவில்லை. அதனால் ஹாலிலேயே படுத்தார். மனைவிக்கு இடுப்பு விட்டுப்போய் வேலையிலிருந்து நின்ற அன்று, பையை மாட்டிவிட்டு வந்து, "கொஞ்சம் தள்ளிப் படுங்க" என்றாள். தரை இரண்டு பேர் அகலத்துக்கு இளகிக் கொடுத்தது.

பகலெல்லாம் இருவரும் அப்படித்தான் கிடப்பார்கள், ரேடியோவைப் போட்டுக்கொண்டு, யாரையாவது திட்டிக்கொண்டு. சிலிண்டர் போடுகிறவர் முதல் தடவை வந்தபோது தெரியாமல் நடுவில் கால் வைத்து, முழங்கால் வரைக்கும் உள்ளே போய்விட்டார். மனைவி படுத்தபடியே, "ஓரமா வாங்க, அங்க கெட்டி" என்றாள். அவர் காலை உருவிக்கொண்டு, சிலிண்டரை வைத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். பிறகு அவர் லீவில் போனபோது, மாற்று ஆளிடம் அந்தத் தெருவின் விவரங்களைச் சொன்னார்: முதல் வீட்டில் மணி வேலை செய்யாது, தட்ட வேண்டும், மூன்றாவது வீட்டில் நாய் உண்டு, ஐந்தாவது வீட்டில் சுவரோரமாக நடக்க வேண்டும்.