அலசாத குடுவை

ஆய்வு மாணவி ஜெயமேரி செய்தது அரை நிமிடத் தப்பு. சொன்னது ஒரு வரிப் பொய். மூன்று நாளாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இறங்கியிருந்தால்தான் ஆச்சரியம்.

அய்யலூர் சந்தையில் அள்ளிய ஆட்டுப் புழுக்கையிலிருந்து பிரித்து, ஆறு மாதமாக வளர்த்த பாக்டீரியா அது. தேவாலயத்தில் முதல் வெள்ளிப் பூசைக்கு ஓடும் அவசரத்தில், அதைத் திறந்த தட்டில் ஊற்றிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தவள், சாதா விளக்கு என்று நினைத்து, கிருமி கொல்லும் புற ஊதா விளக்கைப் போட்டுவிட்டாள். பதறி அணைத்தாள். திரும்பக் குடுவையில் ஊற்றி வளரவிட்டாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. பூசை முடிந்து வந்தால், கலங்கியிருக்க வேண்டிய குடுவை பச்சைத் தண்ணீராகத் தெளிந்திருந்தது. பாக்டீரியா மொத்தமும் அழிந்துவிட்டது.

"குடுவைய ஃபினாயில் போக அலசலை போல மேடம்," என்றாள் பேராசிரியர் டெய்சியிடம்.

குடுவை கழுவுவது உதவியாளர் கருப்புசாமி. பத்தொன்பது வருடமாக அந்த ஆய்வகம்தான் அவருக்கு எல்லாம். திங்கட்கிழமை முதல் விடுதியைக் கூட்டப் போகச் சொல்லிவிட்டார்கள். "வயசாயிருச்சுல்ல மேரி, கை மறந்திருக்கும்," என்று மனிதர் அவளிடமே சமாதானம் சொன்னார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு. ஆனாலும் வாய் திறக்கவில்லை, கோழை.

அரை நிமிட வெளிச்சத்தில் அத்தனையும் சாகுமா என்ற சந்தேகம் அரிக்கவே, சனிக்கிழமை அந்தத் தெளிந்த நீரில் ஆயிரம் பங்கு தண்ணீர் கலந்து, வேறு பாக்டீரியா பரப்பிய தட்டில் விட்டுவைத்தாள். திங்கள் காலை தட்டில் படர்ந்திருந்த பாக்டீரியாவில் பொட்டுப் பொட்டாக ஓட்டைகள். ஃபினாயிலாக இருந்தால் அத்தனை தண்ணீரில் காணாமல் போயிருக்கும். இது பெருகுகிற சமாச்சாரம், வைரஸ். பாக்டீரியாவுக்குள்ளேயே தூங்கிக் கிடந்திருக்கிறது. அதன் மரபணுக்களை ஒரு புரதம் பூட்டிவைத்திருக்கும். புற ஊதா ஒளி பாக்டீரியாவின் டிஎன்ஏவைச் சிதைத்தால் அந்தப் புரதம் அறுபட்டுப்போகும். மரபணுக்கள் விழித்துக்கொள்ளும், வைரஸ் பெருகும், பாக்டீரியா வெடிக்கும். இதைப் பரீட்சையில் எழுதி முதல் மதிப்பெண் வாங்கியவள்தான் ஜெயமேரி.

கருப்புசாமி சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு விடுதிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவரை நிறுத்தி, டெய்சியையும் கூப்பிட்டு, விளக்கைப் போட்டதையும் பொய் சொன்னதையும் தலை குனிந்தபடி சொல்லி முடித்தாள். டெய்சிக்குத் திட்டக்கூடத் தோன்றவில்லை. தட்டை வெளிச்சத்தில் பிடித்து, "இத வச்சு ஒரு கட்டுரையே எழுதலாம்டி!" என்றார்.

கருப்புசாமி தட்டைப் பார்க்கவில்லை.

"அப்ப நான் நல்லாத்தேன் அலசியிருக்கேனா மேரி?"

"ஆமாண்ணே."

"மூணு நாளா பேத்தியோட பால் பாட்டிலக்கூட நான் கழுவல தாயி. எங் கைய நெனச்சா பயமா இருந்துச்சு."