கந்தோருக்கு வந்த கொம்பியூட்டர்

சாவகச்சேரி நீதிமன்றத்துக்குக் கிட்ட, காணி விற்றல் வாங்கல்களை எழுதிக்கொடுக்கும் நொத்தாரிசு நமசிவாயத்தின் கந்தோரில் இரண்டு ரைப்ரைட்டர்கள் விடிந்தால் பொழுதுபட்டால் தட்டிக்கொண்டே இருக்கும். ஒன்றில் குணலட்சுமி, மற்றதில் ஜெசிதா. ஒரு காணி உறுதிப் பத்திரம் அடிக்கவே அரை நாள் போய்விடும். கடைசி வரியில் ஒரு பெயர் பிழைத்தால் தாளைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

போர் முடிந்து பாதை திறந்ததும் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் காணி விற்கவும் எழுதிக் கொடுக்கவும் வரிசைகட்டினார்கள். நமசிவாயம் கொழும்புக்குப் போய்க் கொம்பியூட்டரும் பிரிண்டரும் வாங்கினார். பஸ்ஸில் வரும்போதே, இனி ஒரு ஆள் போதும், புதியவளான ஜெசிதாவை வேலையிலிருந்து நிற்பாட்டிவிடலாம் என்று முடிவெடுத்தார். நேரில் கண்டதும் சொல்ல வாய் வரவில்லை. மாதக் கடைசி வரட்டும் என்று விட்டுவிட்டார்.

குணலட்சுமி மவுஸைத் தொடவே பயந்தாள். ஏற்கெனவே கொம்பியூட்டர் படித்திருந்த ஜெசிதா பக்கத்தில் இருந்து பழக்கினாள். இரண்டு கிழமையில் பார்த்தால், ஒருநாள் மத்தியானத்துக்குள்ளேயே நமசிவாயத்தின் மேசையில் உறுதிகள் குவிந்து கிடந்தன.

மனிதர் அங்கேதான் மாட்டிக்கொண்டார். ஒவ்வொன்றையும் நில அளவைப் படத்தோடு ஒத்துப்பார்த்து, வந்தவர்களுக்கு வாசித்துக் காட்டி, கையொப்பம் வாங்குவது அவருடைய வேலை. விறாந்தையில் சனம் நெருக்கியது. சோற்றுப் பார்சல் பிரிக்காமலே ஆறிப்போனது.

"இன்னும் எவ்வளவு நேரம்? எனக்கு நாளைக்குப் பிளேன்," என்றார் கனடாக்காரர் ஒருவர்.

"உறுதி எப்பவோ ரெடி," என்றாள் குணலட்சுமி, உள்ளே நமசிவாயத்தைக் கண்ணால் காட்டி. "சேர்தான் இன்னும் ரெடியில்லை."

விறாந்தை முழுக்கச் சிரித்தது. நமசிவாயத்துக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஆனால் குவியலைப் பார்த்ததும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஜெசிதா எழுந்து வந்தாள். "காணி எல்லையளையும் ஆக்களின்ரை அடையாள அட்டையளையும் நான் முதலே சரிபார்த்துத் தாறன் சேர். நீங்கள் வாசிச்சு ஒப்பம் வைச்சாக் காணும்."

"ஓம் பிள்ளை, கெதியா எடு," என்று அவசரப்படுத்தினார் நமசிவாயம்.

பொழுதுபட முன்னமே விறாந்தை வெறுமையானது. கனடாக்காரர் கும்பிட்டுவிட்டுப் போனார். ஜெசிதா தயங்கித் தயங்கி வந்து நின்றாள்.

"மாதக் கடைசியோடை என்னை நிற்பாட்டப் போறியளோ, சேர்?"

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. ஒரு கொம்பியூட்டருக்கு ரெண்டு பேர் எண்டா எனக்கு விளங்காதோ?"

நமசிவாயம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை. "விசர்க்கதை கதையாதை. நாளையிலிருந்து விறாந்தையிலை உனக்கொரு மேசை. வாற சனம் முதல் உன்னட்டைத்தான் வரவேணும்."

மறுநாள் காலை முதலில் வந்த கிழவர், அந்த மேசையில் இருந்தவளைப் பார்த்துக் கைகூப்பி, "வணக்கம், நொத்தாரிசு அம்மா," என்றார். உள்ளே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த நமசிவாயத்துக்குப் புரையேறியது.