நல்லமுத்துவின் தொடை

முழங்கால் முறுகிய சத்தம் முற்றத்தில் நின்ற எல்லோருக்கும் கேட்டது. பச்சை மிலாறுக் குச்சியை மிதித்து ஒடித்த மாதிரி ஒரு சத்தம். நல்லமுத்து மல்லாக்க விழுந்து கிடந்தான். அவன் தோளிலிருந்த இரும்புக் கம்பி, இரண்டு முனையிலும் மாட்டிய சக்கரங்களோடு உருண்டுபோய்த் தேயிலை ஸ்டோர்ச் சுவரில் முட்டி நின்றது. அவன் வாய் திறந்தபடி வானத்தைப் பார்த்துக் கிடந்தான்.

அவனுக்கு முன்னால் நின்ற லியனார்டின் கைகள், தள்ளிய வாக்கில் அப்படியே நீட்டியிருந்தன.

நோர்வூட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், தேயிலை அரைக்கும் ஸ்டோரில் லியனார்ட் மெஷின் பழுது பார்க்கிறவன். வேலை விட்ட பிறகு இளவட்டங்களைச் சேர்த்துத் தண்டாலும் பஸ்கியும் பழக்குவான். அறுபத்தோராம் வருடம் அட்டனில் தோட்டங்களுக்கிடையே பளு தூக்கும் போட்டி என்று பேச்சு வந்ததும், கழித்துப் போட்ட சக்கரங்களைக் கம்பியில் மாட்டிப் பழக்க ஆரம்பித்தான். அவன் பஸ்கி எடுப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கால்களை ஒட்டி வைத்து, குதிகால் அசையாமல், முதுகு வளையாமல் இறங்கி ஏறுவான்.

நல்லமுத்து தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டுகிறவன். லியனார்டைவிடப் பலசாலி. ஆனால் லியனார்ட் மாதிரி காலை ஒட்டி வைத்துக் குந்தினால் குதிகால் தூக்கிக்கொள்ளும். நெஞ்சு தொடைமேல் கவிழ்ந்துவிடும்.

"ஒன் ஒசரம்தான் நானும். எனக்கு வர்றது ஒனக்கு ஏன் வராது? ஒடம்ப வளைக்கச் சோம்பேறித்தனம்" என்பான் லியனார்ட்.

"இல்லண்ணே. நிமிந்தா பின்னால இழுக்குது."

"இழுக்காது. பயப்படுற."

அன்றைக்கும் லியனார்ட் அவன் பாதங்களை ஒட்டி வைக்கச் சொன்னான். கம்பியோடு அவன் பாதி இறங்கி, வழக்கம்போல் முன்னால் சாய்ந்தபோது, லியனார்ட் அவன் நெஞ்சில் இரண்டு கைகளையும் வைத்து நிமிர்த்தித் தள்ளினான். அவ்வளவுதான்.

தேயிலைப் பெட்டி ஏற்றும் லொறியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டருக்காக வாசல் பெஞ்சில் காத்திருந்தார்கள். நல்லமுத்து அடிபட்ட காலை நீட்டி வைத்திருந்தான். பக்கத்தில் லியனார்ட். எதிரே மருந்து அலமாரியின் கண்ணாடிக் கதவில் இருவரும் தெரிந்தார்கள்.

லியனார்ட் முதலில் சும்மாதான் பார்த்தான். பிறகு, "கொஞ்சம் நிமிந்து ஒக்காரு" என்றான்.

"நிமிந்துதாண்ணே இருக்கேன்."

கண்ணாடியில் லியனார்டின் காது மட்டத்துக்குத்தான் நல்லமுத்துவின் தலை தெரிந்தது. நின்றால் இருவரும் ஒரே உயரம். லியனார்ட் எழுந்து நின்று பார்த்தான். மறுபடி உட்கார்ந்தான். குனிந்து கால்களைப் பார்த்தான். நல்லமுத்துவின் மடக்கிய முழங்கால், தன் முழங்காலைத் தாண்டி நாலு விரற்கடை முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது.

அவ்வளவு நீளத் தொடை மடங்கினால் இடுப்பு எங்கே போகும்? பின்னால்தான் போகும். விழாமலிருக்க நெஞ்சு முன்னால் வந்துதான் ஆக வேண்டும். அந்த நெஞ்சைத்தான் அவன் பிடித்துத் தள்ளியிருந்தான்.

"நல்லமுத்து, இது ஒன் எலும்புடா" என்றான். "ஒன் தொடை நீளம். என்னோடது குட்டை."

நல்லமுத்து தன் தொடையை யாரோ புதிதாக மாட்டிவிட்டதுபோல் பார்த்தான். "அப்ப நான் சோம்பேறி இல்லியா?"

லியனார்ட் தன் துண்டை மடித்து அவன் அடிபட்ட காலுக்கு அடியில் வைத்தான்.

அதற்குள் கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து ஓடிவந்த ராக்காயி, நல்லமுத்துவின் பெண்சாதி, தலையில் போட்ட கொங்காணித் துணியைக்கூடக் கழற்றாமல் எதிரே நின்றாள்.

"எப்படி விழுந்தாரு?"

"நான்தான் தள்ளுனேன்" என்றான் லியனார்ட்.

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் போய்ப் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

எலும்பு முறியவில்லை, உள்ளே ஜவ்வு கிழிந்திருக்கிறது, இனி பாரம் தூக்கக் கூடாது என்றார் டாக்டர். போட்டிக்கு அந்தத் தோட்டத்திலிருந்து யாரும் போகவில்லை.

கட்டுப் பிரித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை லியனார்ட் அவர்கள் லயத்து வீட்டுக்குப் போனான். சமைத்துக்கொண்டிருந்த ராக்காயிக்கு அடுப்பு ஊதிக் கொடுக்க நல்லமுத்து குந்தப் போனான். சுவரைப் பிடித்தான். கால்களை அகட்டி, பாதங்களை இரண்டு பக்கமும் திருப்பி, மெதுவாக இறங்கினான். முட்டிகள் பக்கவாட்டில் விரிந்தன. இடுப்பு பின்னால் போகவில்லை. முதுகு முன்போல் கவிழவில்லை. குதிகால் தரையிலேயே இருந்தது.

லியனார்ட் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"எப்பலேருந்து இப்படி ஒக்கார்ற?"

"எப்பவும் இப்படித்தானேண்ணே. நீங்கதான் காலைச் சேத்து வைக்கச் சொன்னீங்க."

ராக்காயி அடுப்பிலிருந்து தலையைத் திருப்பவில்லை. "உள்ள வாங்கண்ணே, பொகை வெளியே போகட்டும்" என்றாள்.