[g][s

அம்மா தூங்கிவிட்டாள். இதை எங்கேயாவது கொட்டாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

பழைய பேசிக் மொழிக்கு நானே ஒரு இன்டர்பிரட்டர் எழுதுகிறேன். பேசிக் கட்டளைகளை வரிவரியாகப் படித்துச் செய்துகாட்டும் புரோகிராம் அது. இரண்டு மாதமாக எனக்கு வராமலிருந்தது இன்கீ மட்டும்தான். இன்புட் என்றால், நாம் என்டர் தட்டும்வரை எல்லாம் நிற்கும். இன்கீ நிற்காது; அந்த நொடியில் எந்தக் கீ அழுந்தியிருக்கிறது என்று மட்டும் பார்க்கும். அனந்தபுரம் பஸ் மாதிரி, கை காட்டினால் ஏற்றிக்கொள்ளும், இல்லையென்றால் போய்க்கொண்டே இருக்கும். அது இல்லாமல் என் ஆட்டத்தில் ராஜகிரிக் கோட்டைக் குரங்கு தாவாது.

இன்று மதியம் பள்ளி லேபில் தாவியது! ஸ்பேஸைத் தொட்டவுடன் ஒரே தாவல். பக்கத்திலிருந்த தோழி அன்புக்கரசியின் கையைக் கிள்ளியே சிவக்க வைத்துவிட்டேன். அதற்குள் மணி அடித்தது. புரோகிராமை மூடாமல், சுருக்கி வைத்துவிட்டு ஓடினேன்.

சாயங்காலம் திறந்தால் திரை முழுக்கக் குப்பை.

“இன்னாடி இது, எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்குது?” என்றாள் அன்புக்கரசி.

முதல் வரியில் [g][s என்றிருந்தது. பிழை என்றுதான் நினைத்தேன். கீபோர்டைக் குனிந்து பார்த்து ஒவ்வொரு கீயாக எழுத்துக் கூட்டினேன். தமிழில் டைப் செய்யும் தமிழ்99 முறையில் [ என்றால் ச. g என்றால் எ. ] என்றால் ஞ. s என்றால் இ.

செஞ்சி.

என் புரோகிராமின் சன்னலில் அழுத்தும் கீயை மட்டும் கேள் என்று எழுதாமல், கீபோர்டையே கேள் என்று எழுதியிருக்கிறேன். பதினொன்றாம் வகுப்பு வரலாற்றுக் கேள்வித்தாளை மதியத்துக்குமேல் அடிக்கப்போவதாக, லேபையும் பார்த்துக்கொள்ளும் வரலாற்று ஆசிரியர் தனகோட்டி சார் காலையில் சொல்லியிருந்தார்; அந்தக் கம்ப்யூட்டரில்தான் அடித்திருக்கிறார். ஒரு கீ விடாமல் பிடித்திருக்கிறது என் இன்கீ! ஒரு நிமிடம் எனக்குச் சந்தோஷம்தான். அப்புறம்தான் பயம். நாங்கள்தான் பதினொன்றாம் வகுப்பு. சொந்த புரோகிராம் ஓட்ட என்னை மட்டும் விட்டபோதே சார் சொல்லியிருந்தார், ஏதாவது ஏடாகூடமானால் லேப் பக்கமே வரக்கூடாது என்று.

“அஞ்சு மார்க் கேள்வி மட்டும் படிடி. வரலாறுல போனா நைனா தோல உரிச்சிடுவாரு” என்றாள் அன்புக்கரசி.

நான் படிக்கவில்லை. எல்லாவற்றையும் அழித்தேன். அவள் கோபித்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்துபோய்விட்டாள். ஆனால் செஞ்சி என்ற ஒரு வார்த்தை என் தலையிலிருந்து அழியவில்லையே. முதல் கேள்வி எனக்குத் தெரியும்.

இப்போது அம்மா போனில் சாருக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். இது இன்கீயாக இருந்தால் முதல் எழுத்திலேயே போயிருக்கும். இது இன்புட். நான் தட்டும்வரை காத்திருக்கிறது.

தட்டிவிட்டேன்.

உடனே இரண்டு நீல டிக். சார் தூங்கவில்லை. ‘டைப் செய்கிறார்’ என்று வருகிறது, நிற்கிறது, மறுபடி வருகிறது. லேப் போய்விட்டது என்றே நினைத்தேன்.

“பேப்பர மாத்திக்கிறேன். நாளைக்கு வந்து மொதல்ல அத சரி பண்ணு. அப்புறம், கீய எப்டி புடிச்சன்னு எனக்குக் காட்டணும்.”