அக்காவுக்குப் போகாத மெயில்

இத்தனை வருட வேலையில் நான் உருப்படியாகச் செய்தது ஒன்றே ஒன்று என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன். அது மெயில் அனுப்பும் ஒரு கம்ப்யூட்டர் நிரல். எங்கள் கம்பெனி கடை, கிளினிக், நூலகம் என்று யார் கேட்டாலும் வெப்சைட் செய்து கொடுக்கும். மெயில் அனுப்பும் பகுதியை மட்டும் ஒவ்வொன்றிலும் ஒவ்வொருவர் தன் இஷ்டத்துக்கு எழுதி வைத்திருந்தார்கள். அதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, எந்த வெப்சைட்டிலும் பொருத்திக்கொள்ளும்படி ஒரே நிரலாக எழுதினேன். கடிதத்தின் வாசகத்தை ஒரு பக்கம் மாற்றிக்கொள்ளலாம், அனுப்பும் சர்வரை இன்னொரு பக்கம் மாற்றிக்கொள்ளலாம். ஒரு சர்வர் படுத்துவிட்டால் அடுத்தது வழியாகப் போகும். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதில் ஒரு தடைப்பட்டியலும் உண்டு. செத்துப்போன முகவரிகளுக்கு ஓயாமல் அனுப்பினால் நம்முடைய நல்ல மெயில்களும் குப்பைக்குப் போக ஆரம்பிக்கும். அதனால் பட்டியலில் இருக்கும் முகவரிக்கு நிரல் அனுப்பாது. அனுப்பவில்லை என்று வெப்சைட்டிடம் சொல்லவும் சொல்லாது, 'ஆயிற்று' என்று சொல்லிவிடும். பிழைச்செய்தி வந்தால் ஆளாளுக்கு என்னைக் கூப்பிடுவார்களே, அந்தத் தொல்லை வேண்டாம் என்று நான்தான் அப்படி வைத்தேன்.

நிரல்களைச் சோதித்துப் பார்க்கும் எங்கள் டெஸ்டர் அம்மாளுக்கு ஆபீசில் 'சந்தேகம்' என்று பெயர். அவருக்கும் அது தெரியும்.

"இந்த லிஸ்ட் எல்லா கஸ்டமருக்கும் ஒண்ணேதானா?" என்று கேட்டார்.

"ஒண்ணுதான். செத்த அட்ரஸ் எல்லாருக்கும் செத்த அட்ரஸ்தானே?"

"உயிரோட இருக்கிறவங்க யாராவது தப்பா உள்ள போயிட்டா? ஒரு கடைக்காகப் போட்டது கிளினிக்குக்கும் நிக்கும். இது வேற ஆயிடுச்சு ஆயிடுச்சுன்னு தலையாட்டும். யாருக்குத் தெரியப்போகுது?"

"ஆளுக்கொரு லிஸ்ட் வெச்சா அப்புறம் இதுக்குப் பொதுன்னு பேரு எதுக்கு? உங்களுக்குத் தூக்கத்துலயும் சந்தேகம்தான்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் கொஞ்சம் சிரித்துவிட்டு இடத்துக்குப் போனார். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

சோதனை மெயில்களை நான் அக்காவுக்குத்தான் அனுப்புவேன். மனப்பாடமாகத் தெரிந்த முகவரி அது ஒன்றுதான். ஒரு நாள் மத்தியானம் அக்கா போன் செய்தாள்.

"ஏன்டா, காலையிலேர்ந்து நாப்பத்தி மூணு மெயில். 'அன்புள்ள சோதனை வாடிக்கையாளரே'ன்னு. உனக்கு வேற அக்கா கிடைக்கலையா?"

"இதோ இப்பவே நிறுத்திடறேன்கா."

அவள் முகவரியைத் தடைப்பட்டியலில் போட்டேன். மெயில் நின்றது. பட்டியல் வேலை செய்கிறதா என்று பார்த்த மாதிரியும் ஆயிற்று, அக்கா வாயை அடைத்த மாதிரியும் ஆயிற்று என்று சாப்பிடப் போனேன். திரும்பி வந்து அதை எடுக்கவில்லை.

அக்காவும் மாமாவும் ஒரு குழந்தையைத் தத்தெடுக்க இல்லம் ஒன்றில் மனு கொடுத்து நான்கு வருடம் ஆகியிருந்தது. எல்லாம் நேரிலும் போனிலும்தான் நடந்தது. அதன் பிறகு அந்த இல்லம் வெப்சைட்டுக்கு மாறியது. செய்து கொடுத்தது நாங்கள்தான். வரிசையில் முறை வந்தால் குழந்தையின் விவரம் மெயிலில் வரும், மூன்று நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று விதி. அக்கா சின்ன அறையில் இருந்த பழைய சாமான்களைக் காலி செய்து, சுவருக்கு இளமஞ்சள் அடித்து வைத்திருந்தாள். வேலைக்கு நடுவே பத்து தரம் மெயிலைத் திறந்து பார்ப்பாள்.

"நடுவுல எங்கயாவது தொலைஞ்சுடாதேடா?"

"நான் எழுதினது அக்கா. தொலையாது."

மார்தட்டிச் சொன்னேன். அந்த வாய் வெந்து போயிருக்கலாம்.

அப்படிச் சொல்லிப் பதினெட்டு நாள் கழித்து தபாலில் ஒரு கடிதம் வந்தது. 'தங்களிடமிருந்து பதில் வராததால், விருப்பமில்லை எனக் கொண்டு, பெண் குழந்தை அடுத்த குடும்பத்திடம் ஒப்படைக்கப்பட்டது.' அக்கா அதைக் கையில் பிடித்துக்கொண்டு நேரே என் ஆபீசுக்கே வந்துவிட்டாள். "எங்களுக்கு ஒண்ணுமே வரலையேடா" என்பதையே நாலைந்து தரம் சொன்னாள். அவளை வாசல் பக்கம் இருந்த நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, மெயில் போன விவரம் பதியும் பதிவேட்டைத் திறந்தேன்.

முகவரி தடைப்பட்டியலில் உள்ளது. அனுப்பப்படவில்லை. சேர்த்தவர் என்ற இடத்தில் என் பெயர். காரணம் என்ற இடத்தில் 'சோதனை'.

சந்தேகம் அம்மாள் என் பின்னால் நின்று படித்தார். போய் அக்காவுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அக்காவிடம் பார்த்துச் சொல்கிறேன் என்று மழுப்பி வீட்டுக்கு அனுப்பினேன். அன்றே இல்லத்துக்குப் போய் நிர்வாகியின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். தப்பு எங்களுடையது என்று எழுதிக் கொடுத்ததும் வரிசையில் அக்கா மாமாவின் இடத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். "அந்தக் குழந்தை ஒரு வீட்டுல போய்ப் பழகிடுச்சு. இனிமே அதை எடுத்து மாத்த முடியாதுங்க" என்றார் நிர்வாகி. அவர் சொன்னது நியாயம்.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சந்தேகம் அம்மாள் கேட்டதையும் நான் கேலி செய்ததையும்கூட மறைக்கவில்லை. மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா என்னை அறைவாள் என்று நினைத்தேன், அறைந்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"அந்த மெயில் இப்ப எங்க இருக்கு?"

"எங்க சர்வர்ல. இனிமே அதை யாருக்கும் காட்டக்கூடாதுன்னு இல்லத்துல சொல்லிட்டாங்கக்கா."

"போட்டோ இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"நீ பாத்தியா?"

பொய் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு இன்னொரு பொய்க்கு எனக்குத் தெம்பில்லை.

"பாத்தேன்."

அக்கா தரையில் என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"இந்த வீட்டுல அவளைப் பாத்தவன் நீ ஒருத்தன்தான். எப்படிடா இருந்தா? ஒண்ணு விடாம சொல்லு."

இரண்டு வயது, சுருட்டை முடி, சிவப்பு ஸ்டூலில் ஒரு காலில் மட்டும் செருப்போடு உட்கார்ந்திருந்தாள் என்று சொன்னேன். எந்தக் காலில் என்று அக்கா கேட்டாள்.