மாப்பிள்ளையின் இருமல்

நாற்பது மாடி உயரத்தில், கிரேனின் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கும் எனக்கு, மேகம் சூழ்ந்துவிட்டால் கண் இல்லை. கீழே கான்கிரீட் தளத்தில் நிற்கிற சிக்னல்காரரின் குரல்தான் கண். அவர் என் தங்கை புருஷன். சுமை இறங்கி முடியும்வரை வாக்கிடாக்கியில் "இறக்கு, இறக்கு" என்று விடாமல் சொல்ல வேண்டும். குரல் நின்றால் என் கையும் நிற்கும். தொடங்கும்போது கிரேன் நம்பரைச் சொல்ல வேண்டும் என்றும் விதி உண்டு. அதை நாங்கள் காற்றில் பறக்கவிட்டோம்.

"என் குரல் தெரியாதா மச்சான்? நமக்குள்ள என்ன நம்பர்?" என்பார். நானும் இளிப்பேன். கொழுப்பு, வேறென்ன.

சிமெண்டுத் தூசியால் அவருக்கு ஓயாத இருமல். நாலு 'இறக்கு'வுக்கு ஒரு இருமல். "டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போண்ணே, வீட்ல ஒருத்தரும் தூங்க முடியல" என்று தங்கை என் உயிரை வாங்குவாள்.

அன்று காலை பத்து மணிக்கு ஒன்றுமே தெரியாத மேகம். இரண்டு டன் கம்பிக் கட்டை இறக்கிக்கொண்டிருந்தேன்.

"இறக்கு மச்சான், இறக்கு, இறக்கு."

அவர் குரலேதான். முப்பது தடவை சொல்லியிருக்கும். திடீரென்று எனக்கு உறைத்தது. இருமல் எங்கே? இருமல் கிடக்கட்டும், நடுவில் மூச்சே வாங்கவில்லையே? லீவரை விட்டுவிட்டேன்; கட்டு அந்தரத்தில் நின்றது.

"இறக்கு மச்சான், இறக்கு" என்றது குரல், அதே நிதானத்தில்.

மேகம் விலகியபோது பார்த்தேன். பலகை இடுக்கில் கால் மாட்டி மாப்பிள்ளை மல்லாந்து கிடந்தார். அவர் நெஞ்சுக்கு மேலே ஒரு முழத்தில் கம்பிக் கட்டு தொங்கியது. விழுந்தபோதே அவருடைய வாக்கிடாக்கி லிப்ட் குழிக்குள் போய்ச் சுக்குநூறாகிவிட்டதாம். கத்தியிருக்கிறார், யாருக்கும் கேட்கவில்லை. கீழே இறங்கி அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. பக்கத்து சைட் ஆளோட குரல் கலந்திருக்கும்" என்றார் இன்ஜினியர்.

"அவன் எதுக்கு சார் என்னை மச்சான்னு கூப்பிடறான்?" என்று கேட்டேன்.

அதன்பிறகு புது விதி போட்டார்கள். தினமும் காலையில் மாப்பிள்ளையே கூண்டுவரை ஏறி வந்து, அன்றைக்கான எண்ணை என் காதில் சொல்லிவிட்டுப் போவார். எண் சொல்லாத குரலுக்கு லீவர் அசையாது. எங்கள் இருவரைத் தவிர அந்த எண் ஒருத்தருக்கும் தெரியாது.

ஒரு வாரம் கழித்து மறுபடி மேகம். கொக்கியில் கட்டு தொங்குகிறது.

"எழுபத்தொன்னு. இறக்கு மச்சான், இறக்கு, இறக்கு, இறக்கு, இறக்கு, இறக்கு."

எண் சரிதான். என் கை லீவருக்குப் போய்விட்டுத் திரும்பியது.

"மாப்ளே," என்றேன். "ஒரு தடவ இருமுங்க."

அந்தக் குரல் நின்றது. பிறகு அது இருமிப் பார்த்தது.