இரண்டு தெர்மாகோல் பெட்டிகள்

என் தங்கை பவித்ரா செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடி வந்து, என் கையிலிருந்த கத்தியைத் தட்டிவிட்டாள். அரிந்து வைத்த தழையெல்லாம் தரையில் சிதறியது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆசையாக விருந்துக்குக் கூப்பிட்டால் இப்படியா வருவாள்?

"இன்னாடி, புத்தி பெசகிப்போச்சா?"

"அக்கா, இத்த வாயில போட்டியா? சொல்லு, போட்டியா?"

"இன்னும் இல்ல. சூப்புக்கு இப்பதான் தண்ணி கொதிக்குது."

அவள் அப்படியே சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள். முகம் வெளுத்திருந்தது.

விதை கொடுத்தவளே அவள்தான். பொன்னேரிப் பக்கம் ஒரு நர்சரியில் வேலை செய்கிறாள். கார்த்திகையில் ஒரு பொட்டலம் செலரி விதை கொண்டுவந்து, "கொத்தமல்லி மாதிரி எலை வரும், தண்டு தடியா இருக்கும், ஓட்டல்ல தேடி வாங்குவாங்க" என்றாள். நான் அந்தச் செடியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் எல்லாம் தெரிந்தவள் மாதிரி தலையாட்டினேன். அது என் குணம்.

மீன்காரர்கள் தூக்கிப்போட்ட தெர்மாகோல் பெட்டி இரண்டில் விதைத்தேன். ஒன்றுக்கு என் வீட்டுக்காரர் தங்கவேல் அனுப்பம்பட்டு வயல் வரப்பிலிருந்து மண் கொண்டுவந்தார். அது போதாமல் மற்றதில் மணலும் மாட்டெருவும் போட்டேன். வரப்பு மண் போட்டு வாசலில் வைத்த பெட்டியில் பத்தே நாளில் வெட்டுவெட்டான இலையோடு முளைத்தது. குடிக்க வாங்கிய நல்ல தண்ணீரில் பாதி அதற்குத்தான் போனது.

இரண்டாவது பெட்டி பறி கழுவும் கல்லுக்குப் பக்கத்தில் இருந்தது. பறி என்பது, எங்கள் உப்புத்தண்ணீர் ஏரியில் கையால் இறால் தடவும்போது பல்லில் கடித்துத் தொங்கவிட்டுக்கொள்ளும் ஓலைப்பை. அதைக் கழுவிய தண்ணீரெல்லாம் அந்தப் பெட்டியில் தெறிக்கும். பல நாளாகியும் எதுவும் முளைக்கவில்லை. உப்பு பட்ட மண்ணில் செடி ஏது என்று அதை மறந்தே போனேன்.

மார்கழியில் என் கை அரிக்க ஆரம்பித்தது. பிறகு வீங்கி, வெடித்து, நீர் வடிந்தது. பொன்னேரியில் பார்த்த டாக்டர், தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை, ஏரியில் இறங்காதே என்றார். இறால் தடவுகிறவளுக்குக் கை போனால் என்ன மிச்சம்? ஏரியைத் திட்டாத வார்த்தையில்லை. பறியைப் பக்கத்து வீட்டு வசந்தாவுக்குக் கொடுத்துவிட்டேன்.

வீட்டில் சும்மா இருக்க முடியாமல் நாள் முழுக்க அந்த வாசல் செடிதான் கதி என்றிருந்தேன். மண்ணைக் கிளறுவேன், பழுத்த இலையைக் கிள்ளுவேன். இருபத்தைந்து நாளாகியும் கை ஆறவில்லை, இன்னும் மோசமானது. இனி இந்த ஜென்மத்தில் ஏரி கிடையாது என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

சுவரோரம் உட்கார்ந்திருந்த பவித்ராவுக்கு இப்போதுதான் மூச்சு சீரானது. "அது செலரியே இல்லக்கா. பார்த்தீனியம். ரோட்டோரம் மண்டிக் கெடக்குதே, அந்த விஷச்செடி. வரப்பு மண்ணோட வந்து, செலரிய மொளைக்க விடாம அமுக்கிட்டுருக்கு. வாசல்ல வெள்ளப் பூவப் பாத்ததும் உசுரே போச்சு. தொட்டாலே செல பேருக்குக் கை..."

அதற்குள் அவள் கண் என் கைமேல் விழுந்தது.

"எப்பலேந்து இப்டி கீது?"

மனசுக்குள் நாளை எண்ணிப் பார்த்தேன். வாசல் பெட்டியில் முதன்முதலில் களை பறித்த மறுநாள்தான் அரிப்பு வந்தது. கையைக் கெடுத்ததை வாசலில் வைத்துச் சீராட்டிவிட்டு, சோறு போட்ட ஏரியையா அத்தனை நாளும் திட்டினேன்?

அவள் கையில் பிளாஸ்டிக் கவரைச் சுற்றிக்கொண்டு எல்லாவற்றையும் பிடுங்கினாள். பிறகு கேட்டாள்: "இன்னொரு பொட்டி எங்க?"

"அது எப்பவோ செத்துப்போச்சு."

நம்பாமல் பறி கழுவும் கல்லுக்குப் பக்கத்தில் போனாள். நானும் பின்னால் போனேன். பழைய வலைக் குவியலுக்குப் பின்னால், தடித்த தண்டும் பளபளக்கும் இலையுமாகப் பெட்டி நிறையச் செடி நின்றது. வசந்தா தினமும் என் பறியை அங்கேதான் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இதாங்க்கா செலரி. மொளைக்கவே மூணு வாரம் ஆவும். கொஞ்சம் உப்பத் தாங்கும். மழைக்கு ஏரித் தண்ணியும் உப்பு கம்மிதான?"

நான் கை நீட்டினேன். "தொடாத, கை ஆறட்டும். வாயத் தொற" என்று ஒரு தண்டை ஒடித்துக் கழுவி, என் வாயில் வைத்தாள். நறுக்கென்று கடித்தேன். லேசாக உப்புக் கரித்தது.

அப்படியே வசந்தா வீட்டுக்குப் போனேன்.

"கை ஆறிடுச்சா கஸ்தூரி?"

"ஆறும். பறியக் குடு."

ஆணியில் தொங்கியதை எடுத்துக் கையில் சுற்றிக்கொள்ள ஒரு துணியோடு கொடுத்தாள். "எடுத்துக்கோ. கடிக்கிற எடத்துல உன் பல்லுத் தடம்தான் கீது. என் வாய்க்கு சேரவே இல்ல."

அங்கேயே நின்று அதைப் பல்லில் கடித்துப் பார்த்தேன். சரியாகப் பொருந்தியது. அதுவரை வராத அழுகை அப்போது வந்தது.